சிறுத்தைக்குக் கட்டிய காப்பு

அந்தக் காலத்தில் சிறுத்தை, விருந்துக்குக் கூப்பிட்டால்கூட ஊருக்குள் வராது. எல்லா உயிரும் ஒரே பேச்சுப் பேசிய காலம் அது. மாடு தன் வலியைத் தானே சொல்லும். காக்கை வந்து கரைவதோடு நிற்காமல், வரப்போகிற விருந்தாளியின் பெயரையும் சொல்லிவிட்டுப் போகும். பேச்சு இருந்ததால் சண்டை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பேச்சு இருந்ததால் யாருக்கு எது எல்லை என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மலையடிவாரத்தில் கூகைப்பாறை என்று ஓர் ஊர். ஊருக்கும் மலைக்கும் நடுவே ஓர் ஓடை ஓடியது. ஓடைக்கு மேலே சிறுத்தையின் இடம், கீழே மனிதர்களின் இடம். மேலே விறகு பொறுக்கப் போகும் பெண்கள், "நாங்கதான் வாரோம்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். சிறுத்தையும் எழுந்து வேறு பாறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். அது ஓடையைத் தாண்டிக் கீழே இறங்கியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

அந்த ஊரில் காப்புக் கட்டு என்றால் விளையாட்டுச் சங்கதி இல்லை. இப்போதும் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பல ஊர்களில் காப்புக் கட்டுகிறார்கள். கூகைப்பாறையில் அன்றைக்கு அது மனிதரோடு நிற்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பூசாரி கட்டுவார். தொழுவத்தில் நிற்கும் ஆடு மாடுகளுக்கு அந்தந்த வீட்டுக்காரி கட்டுவாள். மஞ்சளில் நனைத்த நூல், நடுவில் ஒரு மஞ்சள் துண்டு. கட்டிய நிமிடத்திலிருந்து அந்த உயிர் அம்மனுடைய ஆள். நூல் உடம்பில் இருக்கும்வரை பொழுது சாய்ந்தால் எல்லைக்குள் இருக்க வேண்டும், வெளியே இராத்தங்கக் கூடாது. திருவிழா முடியும்வரை எல்லைக்குள் ஒரு சொட்டு ரத்தம் சிந்தக் கூடாது. கடைசி நாளில் முளைப்பாரியை ஊருணியில் கரைத்தபின், கட்டிய கையே அவிழ்க்க வேண்டும். அதற்கு முன்னால் அவிழ்த்தாலும், வேறு கை பட்டாலும், கட்டியவர் பிள்ளைக்கும் ஆகாது, கட்டிக்கொண்டவர் பிள்ளைக்கும் ஆகாது. உண்மைதானா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளையை வைத்து யார் சோதிப்பார்கள்?

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. மலையில் புல் கருகியது. மான்கள் மலையின் மறுபக்கம் போய்விட்டன. மழை கேட்டுத்தான் ஊரும் அவசர அவசரமாகத் திருவிழா சாட்டியது.

ஊரின் மேற்குக் கடைசியில், ஓடைக்குப் பக்கத்து வீடு சடைச்சியுடையது. அவள் புருஷன் வீரணன். இருவருக்கும் ஒரே பெண் குழந்தை, பவளம் என்று பெயர். அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. காப்புக் கட்டு அன்று வீரணன் பொழுதோடு கோயிலுக்குப் போய்விட்டான். வீடு சாணி மெழுகி ஈரமாகக் கிடந்ததால், சடைச்சி தொழுவத்து விட்டத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் படுக்கவைத்திருந்தாள். தன் கையில் பூசாரி கட்டிய காப்போடு கோயிலிலிருந்து திரும்பி, மாடுகளுக்குக் கட்ட வேண்டிய நூலை மடியில் செருகிக்கொண்டு தொழுவத்துக்குள் போனாள்.

ஆடுகள் கத்தவில்லை. வழக்கமாக அவள் நிழல் விழுந்தாலே "தவிடு கொண்டாந்தியா" என்று ஒன்றோடொன்று முண்டும் ஆடுகள், மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. பசுமாடு கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பித் தூளியைக் காட்டியது.

தூளிக்குக் கீழே சிறுத்தை படுத்திருந்தது. அதன் வால்நுனி மட்டும் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தூளி லேசாக ஆடியது.

"கத்தாத" என்றது சிறுத்தை. "கத்துனா ஆளுக வருவாக. வந்தா நான் போற போக்குல எதையாவது தூக்கிட்டுத்தான் போகணும்."

சடைச்சிக்கு நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. இதைச் சொல்லும்போது எனக்கே உள்ளங்கை வேர்க்கிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

"ஒனக்கு ஆடுதானே வேணும்?" என்றாள் ஒருவழியாக. "இந்தா நிக்கிது. எதை வேணும்னாலும் எடுத்துக்க."

"ஆட்டுக்குத்தான் வந்தேன்" என்றது சிறுத்தை. தலையைத் தூக்கித் தூளியை மோந்து பார்த்தது. "இது ஆட்டைவிடப் பால்வாசமா இருக்கே."

அந்நேரம் கோயிலில் கொட்டுச் சத்தம் எழுந்தது. ஊரார் எல்லாருக்கும் காப்புக் கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். சடைச்சியின் கை தானாக மடிக்குப் போயிற்று. நூல் தட்டுப்பட்டது. பயத்தில் சிலருக்கு அறிவு மங்கும், சிலருக்குக் கத்திபோல ஆகிவிடும். சடைச்சிக்கு அன்று இரண்டாவது நடந்தது. அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நீ இந்த ஊருக்கு மொத மொதல்ல வந்திருக்க" என்றாள். "வந்தவுகளுக்கு ஒரு மரியாதை செய்யாம நாங்க அனுப்புறதில்ல. கைய நீட்டு தாயி."

"என்ன மரியாதை?"

"கையில ஒரு மஞ்சக்கயிறு கட்டுவோம். அம்மன் கயிறு. கட்டுன பொறகு நீ எதை எடுத்தாலும் யாரும் கேக்க மாட்டாக."

சிறுத்தைக்கு இதுவரை ஒருவரும் மரியாதை செய்ததில்லை. குரல் கொடுத்து ஒதுங்கிப் போனவர்கள்தான் உண்டு. எழுந்து உட்கார்ந்து, முன்னங்காலை வெட்கத்தோடு நீட்டியது. நகங்களை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நீட்டியது. சடைச்சி மண்டியிட்டு, அந்த மயிரடர்ந்த மணிக்கட்டில் நூலைச் சுற்றி, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டு இறுக்கினாள். இறுக்கி முடித்ததும் பின்னால் நகர்ந்து சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

"இப்பக் கேளு" என்றாள். "இது காப்பு. கட்டுன ஒடம்பு ஊருக்குள்ள ரத்தம் சிந்தக் கூடாது. ஆடும் கெடையாது, பிள்ளையும் கெடையாது. பொழுது சாஞ்சா எல்லைக்குள்ள வந்துரணும். திருவிழா முடியிற அன்னைக்கி நானே அவுத்துவிடுவேன். அதுக்கு முன்னால அவுத்தா எம்பிள்ளைக்கும் ஆகாது, ஒனக்குப் பிள்ளை இருந்தா அதுக்கும் ஆகாது."

சிறுத்தையின் முதுகு மயிர் முழுவதும் நட்டுக்கொண்டது. வாயைத் திறந்தது. பல் தெரிந்தது. ஆனால் அந்தக் காலத்தில் அம்மன் பெயரால் கட்டிய நூலை எந்த உயிரும் மீறியதில்லை. வாயை மூடிக்கொண்டது.

"எனக்கு ரெண்டு குட்டி இருக்கு" என்றது மெதுவாக. "இன்னும் கண்ணு தொறக்கல. மேல பாறைச் சந்துல கெடக்கு. ராத்திரி நான் அங்க இல்லைன்னா யாரு பாப்பா?"

சடைச்சி சுவரை விட்டு நகரவில்லை. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் கட்டியிருப்பாளா? கட்டித்தான் இருப்பாள். தூளியில் கிடந்தது அவள் பிள்ளை.

அன்றிலிருந்து பொழுது சாயும்போதெல்லாம் சிறுத்தை ஓடையைத் தாண்டி இறங்கிவரும். தொழுவத்தின் மூலையில் படுத்துக் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். விடியும் வெளிச்சம் பட்டதும் மலைக்கு ஓடும். சடைச்சி யாரிடமும் மூச்சு விடவில்லை. அம்மன் நூலைக் காட்டு மிருகத்துக்குக் கட்டினவளை ஊர் சும்மா விடாது, வீட்டோடு ஊரைவிட்டு விலக்கி வைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். வீரணனிடமும் சொல்லவில்லை. பசு பால் சுரக்கவில்லை என்று அவன் கவலைப்பட்டபோது, வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டாள். மாட்டிடமும் ஆட்டிடமும் கெஞ்சி, அவற்றின் வாயையும் அடைத்துவைத்தாள்.

ஆனால் நடமாடுகிறதை எத்தனை நாள் மறைக்க முடியும்? செக்கு ஆட்டும் மொக்கையன்தான் முதலில் பார்த்தான். பொழுது சாய்கிற நேரத்தில் செக்கடிப் புளியமரத்தின் பக்கம் மஞ்சளாக ஏதோ போனது என்று கோயில் வாசலில் வந்து மூச்சிரைக்கச் சொன்னான்.

"சிறுத்தைங்க. சத்தியமா. கையில காப்புக்கூடக் கட்டியிருந்துச்சு."

கோயில் வாசலே சிரித்தது. "காப்புக் கட்டியிருந்தா அது ஒன் மாமியாருதான்டா" என்றான் ஒருவன். "மஞ்சச் சேலை வேற கட்டியிருக்கும். நல்லாப் பாத்தியா?" என்றான் இன்னொருவன். சிலர் கையில் கம்போடு புளியமரத்தடிக்குப் போய்ப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அடுத்த நாள் தண்ணீர் எடுக்கப் போன ஒருத்தி பார்த்தாள். அதற்கடுத்த நாள் முளைப்பாரிக்கு மண் எடுக்கப் போனவர்கள் காலடித் தடத்தைப் பார்த்தார்கள். சிரிப்புக் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. பொழுது சாய்ந்ததும் தாய்மார்கள் தெருவிலிருந்த பிள்ளைகளைக் காரணம் சொல்லாமல் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

ஒருநாள் சிறுத்தை நேரத்துக்கு முன்னாலேயே இறங்கி வந்தது. வாயில் ஒரு குட்டியைக் கவ்வியிருந்தது. சடைச்சி தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். குட்டியைக் கீழே வைத்து அதன் முதுகை நக்கிக்கொடுத்தது.

"ஒண்ணு போச்சு" என்றது. "கழுதைப்புலி இழுத்துட்டுப் போயிருச்சு. வெடிஞ்சு போனேன், சந்துல ஈரந்தான் இருந்துச்சு."

சடைச்சி கையிலிருந்த சாணியோடு அப்படியே உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்த பவளம் குட்டியைப் பார்த்துக் கையை நீட்டியது. சடைச்சி அந்தக் கையைப் பிடித்து மடக்கிக்கொண்டாள்.

"இதை ஒன் கொல்லைச் சோளத்துக்குள்ள வச்சுக்கிறேன்" என்றது சிறுத்தை. "எல்லைக்குள்ள இருந்தா ராத்திரி எங்கூட இருக்கும். கடைசி நாள் நீ அவுத்துவிட்டதும் தூக்கிட்டுப் போயிருவேன். அவுப்பேல்ல?"

"அவுப்பேன்."

"ஒம்பிள்ளை தலையில கை வச்சுச் சொல்லு."

சடைச்சி சாணிக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பவளத்தின் தலையில் வைத்துச் சத்தியம் செய்தாள். பிறகு அவளும் கேட்டாள். "நீயும் சொல்லு. எம்பிள்ளைய என்னைக்கும் தொட மாட்டேன்னு."

"தொட மாட்டேன்" என்றது சிறுத்தை. "இந்தக் கயிறு இருந்தாலும் இல்லாட்டியும்."

கிணற்றுத் தண்ணீரில் தப்பிப் பிழைத்த சோளம் அது. இடுப்பளவு உயரந்தான் நின்றது. குட்டி கண் திறந்தது அந்தச் சோளத்துக்குள்தான். அது முதன்முதலில் பார்த்தது பாறையை இல்லை, சோளத்தட்டையை. முதலில் கேட்டது காட்டுச் சத்தத்தை இல்லை, கோயில் கொட்டையும் கிணற்று இறைவை ஓசையையும் சடைச்சி தாலாட்டுகிற குரலையும்.

கடைசி நாள் வந்தது. ஊர் முழுவதும் ஊருணிக் கரையில் கூடியிருந்தது. பெண்கள் முளைப்பாரியைத் தலையில் சுமந்துவந்து தண்ணீரில் கரைத்தார்கள். பூசாரி ஒச்சப்பன் ஒவ்வொரு கையாகப் பிடித்துக் காப்பை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார். வீட்டுக்காரிகள் தங்கள் ஆடு மாடுகளுக்கு அவிழ்த்தார்கள். சடைச்சி பசுவுக்கு அவிழ்த்தாள். ஆடுகளுக்கு அவிழ்த்தாள். அப்போது கூட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு கூச்சல் எழுந்து, கூட்டம் இரண்டாகப் பிளந்தது.

பட்டப்பகலில், நடுக்கரையில், சிறுத்தை நடந்து வந்தது. காப்புக் கட்டிய காலை ஊன்றாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூன்று காலில் நொண்டி நொண்டி வந்தது. அது யாரையும் முறைக்கவில்லை. எல்லாரும் காப்பு அவிழ்த்துக்கொள்கிற இடத்துக்கு அதுவும் வந்தது, அவ்வளவுதான். பூசாரிக்கு முன்னால் வந்து உட்கார்ந்து காலை நீட்டியது. மொக்கையன் மட்டும், "நான் சொன்னேன்ல, காப்பு இருக்குன்னு சொன்னேன்ல" என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

பூசாரி ஒச்சப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அந்த நூலை அடையாளம் கண்டுகொண்டார்.

"இது நம்ம அம்மன் நூலு" என்றார். "யாரு கட்டுனது? காட்டு மிருகத்துக்கு அம்மன் நூலக் கட்டுன கை எது? முன்னால வரட்டும். அவுத்துவிட்டுட்டு, வீட்டோட ஊர விட்டுக் கெளம்பட்டும்."

யாரும் வரவில்லை.

"யாரு கட்டுனதுன்னு நீயே சொல்லு" என்றார் பூசாரி, சிறுத்தையைப் பார்த்து.

"கட்டுன கைக்குத் தெரியும்" என்றது சிறுத்தை. "அதுவா வரட்டும்."

சடைச்சி கூட்டத்தின் முன்வரிசையில்தான் நின்றாள். பவளம் இடுப்பில் இருந்தது. பக்கத்தில் வீரணன். சிறுத்தை அவளைப் பார்த்தது. அவள் கால் ஓர் அடி முன்னே போக நினைத்தது. வீடு, கொல்லை, கிணறு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டன. வீரணன் வேறு, "எந்தச் சண்டாளி செஞ்ச வேலையோ" என்று அவள் காதோரம் முணுமுணுத்தான். சடைச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிள்ளை தலையில் அடித்த சத்தியம் அது. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் குனிந்த தலை நிமிரவில்லை.

முளைப்பாரி கரைந்து திருவிழா முடிந்துவிட்டது. ரத்தம் சிந்தலாம். முதல் கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியாது. அடுத்து ஈட்டியும் கம்பும் தீப்பந்தமும் வந்தன. நாய்களை ஏவிவிட்டார்கள். சிறுத்தை கடைசிவரை ஒரு கையை நீட்டியபடியே பின்வாங்கியது. நாய்கள் தொடையைக் கவ்வியபோதுதான் திரும்பி ஓடியது.

அன்று சாயந்திரமே மழை கொட்டியது. அம்மன் மனம் குளிர்ந்துவிட்டாள் என்று ஊர் கொண்டாடியது. சடைச்சி மட்டும் கதவுக்குப் பின்னால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்ந்ததும் கதவில் நகம் உரசும் சத்தம் கேட்டது.

"சடைச்சி" என்றது வெளியே ஒரு குரல். "இப்ப யாருமில்ல. கதவத் தொற. அவுத்துவிடு."

சடைச்சி பிள்ளையின் காதுகளைப் பொத்தினாள். திறந்தால் கொன்றுவிடும் என்று நினைத்தாள். தான் அதன் இடத்தில் இருந்தால் கொன்றிருப்போம் என்பதால் அப்படி நினைத்தாள்.

"யாரோ ஒம்பேரச் சொன்ன மாதிரி இருந்துச்சே" என்றான் உள்ளே படுத்திருந்த வீரணன்.

"மழைச் சத்தம்" என்றாள் சடைச்சி.

சில நாள் அந்தக் குரல் வந்தது. பிறகு நகம் உரசும் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. சத்தம் நின்ற பிறகுதான் ஊர் நிஜமாகப் பயப்படத் தொடங்கியது. கயிறு இன்னும் அவிழாததால் சிறுத்தையால் மலையில் தங்க முடியவில்லை. திருவிழா முடிந்துவிட்டதால் ரத்தம் சிந்தக் கூடாது என்ற கட்டும் இல்லை. முதலில் நாய்கள் போயின. தொடையைக் கவ்விய நாய்கள் எவை என்று அதற்குத் தெரிந்திருந்தது. பிறகு ஆடுகள் போயின. ஒருவரும் அது வருவதைக் கேட்டதில்லை, போவதையும் கேட்டதில்லை. காலையில் பட்டியில் ஓர் ஆடு குறையும், மண்ணில் தடம் இருக்கும். பொழுது சாய்ந்தபின் கொல்லைக்குப் போக வேண்டும் என்றால் ஆண்பிள்ளைகள்கூடத் துணைக்கு ஆள் தேடினார்கள். துணைக்குப் போனவன் திரும்பிவரத் துணை கேட்டான். ஆட்கள் கூட்டமாக மலையில் ஏறித் தேடினார்கள். குகை குகையாகப் புகை போட்டார்கள். மலையில் ஒன்றும் இல்லை.

சடைச்சிக்குத் தெரியும் அது எங்கே என்று. மழைக்குப் பிறகு கொல்லைச் சோளம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து கதிர் தள்ளி நின்றது. காற்றில்லாத நேரத்திலும் நடுவில் ஓர் இடத்தில் மட்டும் தட்டைகள் அசையும். அறுவடையை அவள் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே போனாள். வீரணன் திட்டினான். கதிர் இன்னும் முற்றவில்லை என்று சொல்லி ஒப்பேற்றினாள். தான் சத்தியத்தை மீறியதற்குப் பிள்ளைக்கு எந்த நேரத்தில் என்ன வருமோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நாளைக் கழித்தாள்.

பவளம் நடக்கத் தொடங்கியிருந்தது. ஒரு சாயந்திரம் சடைச்சி அடுப்பில் கஞ்சி பொங்குகிறதென்று உள்ளே போய்த் திரும்பினாள். வாசலில் பிள்ளை இல்லை. கொல்லை வரப்பில் சின்னச் சின்னக் காலடித் தடம். அது நேராகச் சோளத்துக்குள் போயிருந்தது.

சடைச்சி கத்தவில்லை. கத்தினால் ஊர் கம்போடு வரும், வந்தால் போகிற போக்கில் தூக்கிக்கொண்டு போகும் என்று அவளுக்குத் தெரியும். வெறுங்கையோடு சோளத்துக்குள் நுழைந்தாள். தோகை முகத்தை அறுத்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. "பவளம், பவளம்" என்று உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

நடுச்சோளத்தில் தட்டைகள் சாய்ந்து ஒரு சின்ன இடம் வெறுமையாக இருந்தது. பவளம் அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், வளர்ந்துவிட்ட குட்டி படுத்திருந்தது. கண்ணை இமைக்காமல் பிள்ளையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பின்கால்கள் உடம்புக்கடியில் மடங்கி இறுகியிருந்தன. பாய்வதற்கு முன்னால் பூனை அப்படித்தான் உட்காரும். குட்டியின் பிடரியைத் தன் வாயால் கவ்விப் பிடித்தபடி தாய்ச்சிறுத்தை நின்றது. சடைச்சியைக் கண்டதும், கவ்விய வாயை விடாமலே, காப்புக் கட்டிய காலைத் தூக்கி அவள் பக்கம் நீட்டியது.

சடைச்சி தொப்பென்று விழுந்து அந்தக் காலைப் பிடித்தாள். நூல் மயிருக்குள்ளும் தோலுக்குள்ளும் புதைந்துபோயிருந்தது. விரலுக்கு முடிச்சு அகப்படவில்லை. பல்லால் கவ்வி, கடித்து, ரத்தமும் மஞ்சளும் வாயில் கரிக்க ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். கடைசி முடிச்சு விட்டதும் நூல் மண்ணில் விழுந்தது. அவள் ஒரே பாய்ச்சலில் பவளத்தைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

தாய்ச்சிறுத்தை குட்டியை விட்டது. காலை ஊன்றிப் பார்த்தது. பிறகு சோளத்தைவிட்டு வெளியேறி ஓடையைப் பார்த்து நடந்தது. குட்டியும் பின்னால் போனது. சடைச்சி பிள்ளையோடு வரப்பில் நின்று பார்த்தாள். தாய் ஓடையைத் தாண்டி அக்கரையில் ஏறித் திரும்பி நின்றது. குட்டி ஓடைக் கரையில் நின்றுவிட்டது. தண்ணீரை மோந்தது. மலையை நிமிர்ந்து பார்த்தது. தாய் உறுமிக் கூப்பிட்டது. குட்டி இரண்டடி பின்வாங்கியது. தாய் மறுபடி கூப்பிட்டது. குட்டி திரும்பி, சடைச்சியைக் கடந்து, அவள் சேலை உரசும்படி நடந்து சோளத்துக்குள் புகுந்துகொண்டது. அடுத்த நிமிடம் அங்கே ஒன்றும் இருந்ததற்கான அடையாளமே இல்லை.

"அதைக் கூட்டிட்டுப் போயிரு தாயி" என்று சடைச்சி அழுதாள். "ஒங்கால்ல விழுறேன். கூட்டிட்டுப் போயிரு."

"கூப்பிட்டேன், நீயும் பாத்தே" என்றது அக்கரையிலிருந்து சிறுத்தை. "அது கண்ணு தொறந்தது ஒன் கொல்லையில. அதுக்கு இதுதான் சொந்த ஊரு. நீ ஊருணியில ஒரு எட்டு முன்னால வந்திருந்தா அன்னைக்கே வாயில கவ்விட்டுப் போயிருப்பேன். இப்ப அது வராது."

"எம்பிள்ளைய ஒன்னும் செய்யாதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

"அது எப்படிச் சொல்லும்? அதுக்கு நான் பேச்சே சொல்லிக்குடுக்கல. பேசுனாத்தானே மரியாதைன்னு சொல்லிக் கையக் கட்டுவீக." சிறுத்தை திரும்பிப் பாறைமேல் ஏறியது. "ஒம்பிள்ளையத் தொட மாட்டேன்னு நான்தான் சொல்லு குடுத்தேன். நான் காப்பாத்திட்டேன். எங்குட்டி ஒனக்கு ஒரு சொல்லும் குடுக்கல."

சடைச்சி பிள்ளையை இறுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். மறுநாள், சோளத்துக்குள் சிறுத்தைக்குட்டி இருக்கிறது என்று மட்டும் அவள் சொல்ல, ஊர் கூடிச் சோளத்தை அறுத்தது. கடைசித் தட்டைவரை அறுத்தும் குட்டி இல்லை. அதற்குள் அது அடுத்த வீட்டுக் கரும்புக்குப் போயிருந்தது. அதன் குட்டிகள் கரும்புக்குள்ளும் வாழைக்குள்ளும் பிறந்தன, அவற்றின் குட்டிகள் இன்னும் பல ஊர்களில் பிறந்தன. எதுவும் பேசக் கற்கவில்லை. மலையிலிருந்து வழிதவறி இறங்கிவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கூண்டு வைத்துப் பிடித்துக் கொண்டுபோய் மலையில் விடுகிறோம். அது வந்த வழியே திரும்பி வருகிறது. பார்த்ததாக ஒருவர் சொன்னால் மற்றவர்கள் மொக்கையனைப் பார்த்துச் சிரித்ததுபோலச் சிரிக்கிறோம்.

அன்று முதல்தான் சிறுத்தை கரும்புக்காட்டிலும் மாட்டுத் தொழுவத்திலும் பள்ளிக்கூடத்துச் சுவரோரத்திலும் தென்படுகிறது. அன்று முதல்தான் அது நமக்கு ஒரு சொல்லும் கொடுக்காமல், ஒரு சத்தமும் காட்டாமல், நம் கொல்லையிலேயே குடியிருக்கிறது.